கடலில்லா மாவட்டத்தில் கடற்சாறு: செர்டாங் ஒட்டுக்கடைகளில் மெக்சிகோ சூப்பின் இருப்பும் இன்மையும், நண்டோடு பற்றிய நீண்ட பிற்சேர்க்கையுடன்

ஆய்வு எல்லை

மலேசியாவில் பேர் சொன்னால் தெரியும் செர்டாங் இரண்டு. ஒன்று சிலாங்கூரில். 1931இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி இன்று புத்ரா பல்கலைக்கழகமாக வளர்ந்திருப்பது அங்கே. மற்றது கெடாவின் தென்கோடியில், பண்டார் பாரு மாவட்டத்தில். முதலாவதில் ஆய்வாளர்கள் அதிகம். இரண்டாவதில் பசி அதிகம். இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. முதலாவதற்குப் போய் இறங்கிவிட்ட வாசகர்கள் வடக்கே போகும் பேருந்தைப் பிடிக்கவும்.

பண்டார் பாரு மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மேற்கே தென் செபராங் பிறை குறுக்கே படுத்துக்கொண்டு கடலை மறைக்கிறது. தெற்கே கிரியான் ஆறு, அதற்கு அப்பால் பேராக். கெடா, பினாங்கு, பேராக் மூன்றும் முட்டிக்கொள்ளும் இந்த மூலையில் எங்கே திரும்பினாலும் செம்பனை, அது விட்ட இடத்தில் பால்மரம். குறிஞ்சி முதலிய ஐந்திணைகளில் எதிலும் இந்நிலம் அடங்காது. ஆறாவதாகச் செம்பனைத் திணை என்று ஒன்று வகுத்து, அதன் உணவு யாது என்று ஆராய்வதே முறை. இங்கே போய்க் கடலுணவுச் சூப்பைத் தேடுவானேன் என்று கேட்பீர்கள். கடற்கரையில் உட்கார்ந்து தின்றால் அது மீன் தின்பது; கடலில்லாத ஊரில் தின்றால்தான் ஆய்வு.

நோக்கம்: மெக்சிகோவின் கடலுணவுச் சூப் செர்டாங் ஒட்டுக்கடைகளில் அகப்படுமா எனக் காணல். கருதுகோள்: அகப்படும். மாற்றுக் கருதுகோள்: அகப்படும், ஆனால் சோற்றோடு.

இத்தகைய கட்டுரைகள் சூப் என்றால் என்ன என்று தொடங்கி, நீர் என்றால் என்ன என்று கீழிறங்கி, ஐம்பூதங்களைத் தொட்டு, நான்காம் பக்கத்தில்தான் அடுப்பைப் பற்றவைக்கும். பணம் கட்டினால் கட்டுரை போடும் ஆய்விதழ்களில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. அங்கே ஐம்பூதங்களுக்குத் தனிக் கட்டணம் ஆகும். ஆகவே அவற்றை விட்டுவிட்டோம்.

ஆய்வுப் பொருள்

மெக்சிகோக்காரர்கள் இதைக் கால்தோ தெ மரிஸ்கோஸ் என்பார்கள். காய்ந்த மிளகாயை ஊறவைத்து, தக்காளி, வெங்காயம், பூண்டோடு அரைத்து வதக்கி, இறால் தலையும் மீன் முள்ளும் கொதித்த நீரில் கரைப்பார்கள். குவாஹியோ என்ற நீளமான செம்மிளகாய் போடுவோரும் உண்டு, புகையில் உலர்த்திய சிப்போட்லே போடுவோரும் உண்டு. அதற்குள் முள்ளோடு மீன் துண்டு, ஓட்டோடு நண்டு, இறால், சிப்பி, கணவாய், ஆக்டோபஸ். மேலே கொத்தமல்லித் தழை. பக்கத்தில் வெட்டிய எலுமிச்சை, மக்காச்சோள ரொட்டி, அதுவும் இல்லையென்றால் உப்பு பிஸ்கட். வெரக்ரூஸ் கரையில் நண்டுக்கென்றே சில்பாச்சோலே என்று ஒரு சாறு இருக்கிறது. பல ஊர்களில் இந்தச் சூப்பையே 'ஏழு கடல்' என்று பலகையில் எழுதி விற்கிறார்கள்.

ஏழு கடல் என்றதும் நம்மவர்கள் நாற்காலியை விட்டு எழுவார்கள். அவசரம் வேண்டாம். நம் புராணத்து ஏழு கடல்கள் உப்பு, கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், நன்னீர் என்பன. மெக்சிகோ கிண்ணத்தில் இவற்றுள் இரண்டுதான் தேறும். மூன்றாவதான கள், கிண்ணத்துக்கு வெளியே இருக்கிறது: அந்நாட்டு மதுக்கடைகளில் ஒரு குவளை வாங்கினால் சின்னக் கோப்பையில் இறால் சாறு சும்மா தருவது வழக்கம். நம் தோட்டத்துக் கள்ளுக்கடைகள் சமூக வரலாற்றில் எவ்வளவோ இடம் பிடித்தும், இந்த ஒரு நாகரிகத்தை எட்டாமலே போய்விட்டன.

முன்னாய்வுகள்

மெக்சிகோவைப் பற்றித் தமிழில் எழுதுபவர் மாயர்கள் தமிழர்களே என்று ஒரு பத்தி எழுதியாக வேண்டும். மயன் என்ற தச்சன் இருந்தான், மாயர் என்ற இனம் இருந்தது, ஓசை ஒத்துப்போகிறது, வேறென்ன வேண்டும் என்று பக்கம் பக்கமாக நிறுவியவர்கள் நம்மில் உண்டு. இந்த முறையில் என் மாமியாரும் மாயரே. அந்தப் பத்தி இதுதான், எழுதியாயிற்று.

அடுத்து இராசேந்திர சோழன். கெடாவில் நடக்கும் எந்தக் கருத்தரங்கிலும் அவன் வராமல் தேநீர் வராது. 1025இல் கடாரம் கொண்டவனின் மெய்க்கீர்த்தி, கைப்பற்றிய யானைகளையும் குவிந்த நிதியையும் வித்தியாதர தோரணத்தையும் மணிக்கதவையும் வரிசையாகச் சொல்கிறது. சாறு ஒன்றையும் சொல்லவில்லை. கல்வெட்டறிஞர்கள் கவனிக்கத் தவறிய இந்த மௌனத்துக்குக் காரணம் எளிது: அன்று கெடாவில் மிளகாய் இல்லை. மெக்சிகோ மண்ணில் பயிராகப் பழகிய அந்தச் செடி போர்த்துக்கீசியர் கப்பலேறிக் கீழைக் கடல்களுக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டில்தான். தக்காளியும் அந்தப் பக்கத்துச் சரக்கே. ஆக, நம் மீன் குழம்பு, கெடா லக்சா, தொம்யாம் மூன்றின் சிவப்பும் மெக்சிகோவிடம் பட்ட கடன். சோழப் படை இங்கே எதைத் தின்றிருந்தாலும் அது மிளகு போட்ட வெளிறிய சமாசாரம்.

கடனை நாம் அடைக்காமலும் இல்லை. 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மணிலாவுக்கும் அக்காபுல்கோவுக்கும் இடையே போய்வந்தன. ஆசியச் சரக்குகள் அவ்வழியே மெக்சிகோவில் இறங்கின. இன்று அங்கே புளி தாராளமாகக் கிடைக்கிறது. மிளகாய்த்தூள் புரட்டி மிட்டாயாகத் தின்கிறார்கள், சர்க்கரை போட்டுக் குளிர்பானமாகக் குடிக்கிறார்கள். புளி போயிற்று, மீன் குழம்பில் போட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கப்பல் ஏறவில்லை.

இன்னும் ஐயமுள்ளோர் எந்த லயத்து வீட்டின் பின்புறத்துக்கும் போய்ப் பார்க்கலாம். பப்பாளி, கொய்யா, சீக்கு, மக்காச்சோளம், மிளகாய்: மெக்சிகோவும் அதன் அக்கம்பக்கமும் சட்டி சட்டியாக நிற்கும். நடுவே மேயும் கோழி மட்டும் இந்தப் பக்கத்துப் பிறவி (லயத்துப் பாட்டி, நேர்பேச்சு; "அதை ஏன்ப்பா படம் புடிக்கிற?" என்ற எதிர்வினாவோடு தரவு முடிகிறது).

செர்டாங் சாறுகளின் வகைப்பாடு

மிளகு ரசம்: கடல் இல்லை.

ஆட்டுக்கால் சூப்: கால் உண்டு, கடல் இல்லை.

நண்டு ரசம்: கடைகளில் காணப்படுவதில்லை. சளி பிடித்தவர் வீட்டில் மட்டும் தோன்றி மறைவது. ஆய்வாளருக்குச் சளி பிடிக்கும்வரை இப்பகுதி ஒத்திவைக்கப்படுகிறது.

லக்சா: இது சற்று வலுவான போட்டியாளர். கெம்போங் மீனையோ மத்தியையோ அவித்து, முள் நீக்கி மசித்து, ஆசாம் கெப்பிங்கின் புளிப்பு ஏற்றி, கெசும் இலையும் பூஙா காந்தானும் போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பை அரிசி நூடல்ஸ் மேல் ஊற்றி, வெள்ளரிக்காய் தூவி, கெடாவில் அவித்த முட்டை ஒன்றையும் வைப்பார்கள். பினாங்கின் ஆசாம் லக்சாவை 2011இல் சி.என்.என். உலகின் சுவையான உணவுகளில் ஏழாவதாக வைத்தது. கெடாக்காரர்கள் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை; இன்னொரு முட்டை வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் லக்சாவில் மீன் மசிந்து குழம்போடு கலந்துவிடுகிறது. மெக்சிகோ சூப்பில் ஒவ்வொரு உயிரியும் தன் உருவத்தோடு மிதக்க வேண்டும். அடையாளம் காண முடியாத மீனுக்கு இவ்வாய்வில் இடமில்லை.

எஞ்சுவது கடலுணவுத் தொம்யாம். இறால், கணவாய், மீன், ஓட்டோடு நண்டு, சிவந்த சாறு, மிளகாய் உறைப்பு, எலுமிச்சைப் புளிப்பு, மேலே தழை. குவாஹியோவுக்குப் பதில் சிலி பாடி, மெக்சிகோ மூலிகைகளுக்குப் பதில் செராயும் லெங்குவாஸும் லீமாவ் பூருட் இலையும், மக்காச்சோள ரொட்டிக்குப் பதில் வெள்ளைச் சோறு. மற்றபடி இரண்டும் பசிபிக்கின் இரு கரைகளில் பிரிந்துபோன பங்காளிகள்.

தொம்யாம் எந்நாட்டுடையது என்ற சர்ச்சையை இங்கே தவிர்க்க முடியாது. 1821இல் சயாம் கெடாவைப் பிடித்தது. 1909இல் ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தது. 1943இல் ஜப்பானியர் அதைத் திரும்பச் சயாமிடமே கொடுத்தனர். 1945இல் அதுவும் முடிந்தது. இத்தனை கைமாறியதில் சூப் எந்தத் தவணையில் எல்லை தாண்டியது என்று ஒரு முனைவர் பட்டமே வாங்கலாம். பட்டாணி, யாலா, நராத்திவாட் பக்கத்துச் சமையற்காரர்கள் பிழைப்புக்காக இங்கே வந்து அடுப்பு மூட்டினார்கள் என்பது இன்னொரு விளக்கம். இது உண்மை என்பதால் இதற்குப் பட்டம் கிடைக்காது.

2024இல் யுனெஸ்கோ, தாய்லாந்தின் இறால் தொம்யாமையும் மலேசியாவின் காலைச் சிற்றுண்டிப் பண்பாட்டையும் ஒரே கூட்டத்தில் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மெக்சிகோவின் சமையல் மரபு 2010லேயே இடம் பிடித்துவிட்டது. ஆகவே செர்டாங்கில் காலையில் ரொட்டி சானாய் போட்ட அதே மேசையில் இரவு தொம்யாம் வைத்தால், மேசை ஒன்று, மரபு இரண்டு. அந்த மேசையின் ஒரு கால் குட்டை. அடியில் மடித்த அட்டை வைத்திருக்கிறார்கள். அட்டை இன்னும் பட்டியலில் சேரவில்லை.

களஆய்வில் மையக் கேள்வி நேரடியாகவே கேட்கப்பட்டது: "காக், சூப் மெக்சிகோ அடா?" வாணலியிலிருந்து தலையைத் தூக்காமல் வந்த விடை: "தொம்யாம் அடா. ஹாங் நாக் மேரா கா, புத்தே?" சிவப்பா வெள்ளையா என்பதுதான் செர்டாங்கின் வகைப்பாடு. தாய்லாந்தா, கெடாவா, மெக்சிகோவா என்பது சாப்பிட வராதவர்களின் வகைப்பாடு. இது பற்றி ஹார்வர்டிலிருந்து வந்த அறிஞர் ஒருவரும் உடன்பட்டார் (பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டம், பால் வெட்டில் பணி ஓய்வு, "செவப்பு கேளு தம்பி, வெள்ள சப்புனு இருக்கும்"). ஹார்வர்டை மேற்கோள் காட்டினால் கட்டுரை ஏற்கப்படும் என்று மூத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மூலபாடம்

கடையின் விலைப்பலகை ஆராயப்பட்டது. தொம்யாமுக்கு நேரே பழைய விலையின் மேல் ஒரு தாள், அதன் மேல் இன்னொரு தாள், அதன் மேல் பேனாவால் திருத்தம். அடிப்படையான மூலபாடத்தை நகத்தால் சுரண்டி மீட்க முயன்றபோது கடைக்காரர் தடுத்துவிட்டார். தொல்காப்பியத்தின் காலத்தைப் பற்றி நம் அறிஞர்கள் ஓராயிரம் ஆண்டு கருத்து வேறுபட்டாலும் ஒருவரோடொருவர் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். தொம்யாமில் ஐம்பது காசு வேறுபட்டால் கல்லாவில் ஒருவரும் சிரிப்பதில்லை.

பிற்சேர்க்கை: நண்டோடு

மேலே கண்டவை யாவும் முன்னுரை. மெக்சிகோ கிண்ணத்துக்கும் செர்டாங் கிண்ணத்துக்கும் பொதுவான உயிர்நிலைச் சிக்கல் ஒன்றே: சூப்பைக் கரண்டியால் குடிக்க வேண்டும், அதில் கிடக்கும் நண்டைக் கரண்டியால் ஒன்றும் செய்ய முடியாது. திரவம் ஒரு நாகரிகத்தைக் கோருகிறது, நண்டு வேறொன்றைக் கோருகிறது. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போட்டவர் யாரோ, மனிதர்களைச் சோதிக்க விரும்பியவர்.

இலக்கியச் சான்று தேடினோம். ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் நண்டுக்கென்றே கள்வன் பத்து என ஒரு பத்து பாடியிருக்கிறார். அவருடைய நண்டு கொடியை அறுக்கும், வளைக்குள் புகும், வயலெல்லாம் அலையும். பத்துப் பாட்டில் ஒன்றிலாவது அதை நாலு பேர் முன்னால் எப்படித் தின்பது என்று சொல்லியிருந்தால், இரண்டாயிரம் ஆண்டுகள் தமிழ் மாப்பிள்ளைகள் பட்ட பாட்டைத் தவிர்த்திருக்கலாம்.

ஓட்டை எங்கே வைப்பது என்பதில் செர்டாங் கடைகளில் நான்கு தரிசனங்கள் வழங்குகின்றன. தட்டோரவாதிகள் சோற்றுத் தட்டின் விளிம்பில் அடுக்குவார்கள்; சோறு குறையக் குறைய ஓடு முன்னேறி, இறுதியில் எல்லைத் தகராறு வரும். மேசைவாதிகள் நேரே மேசையில் வைப்பார்கள். இவர்களுக்குத் தத்துவம் கிடையாது, துணிச்சல் மட்டுமே. தாள்வாதிகள் டிஷ்யூ மேல் வைப்பார்கள். இவர்களுள் விரித்து வைப்பார், மடித்து வைப்பார், வைத்தபின் இன்னொரு தாளால் மூடுவார் என உட்பிரிவு மூன்று. மூடுவார் பிரிவினர் பெரும்பாலும் ஆசிரியர்களாக இருக்கிறார்கள் (பரிமாறும் தம்பி, நேர்பேச்சு, இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பில் "தெரியாதுண்ணே" என்று மட்டுமே காண்கிறது).

நான்காமவர் மீள்கிண்ணவாதிகள். உறிஞ்சிய ஓட்டைச் சூப்புக்குள்ளேயே திரும்பப் போடுவார்கள். சற்று நேரத்தில் பேச்சு சுவாரசியத்தில் அதையே மறுபடி அள்ளி, நண்டு என்று நம்பி மறுபடி உறிஞ்சுவார்கள். ஓடு இவ்வாறு பிறந்தும் இறந்தும் உழலும். அது எப்போது வீடுபேறு அடையும் என்று கேட்டதற்கு, "கிண்ணத்த எடுக்கும்போது" என்று விடை கிடைத்தது (மூன்றாம் மேசை லாரி ஓட்டுநர், வாய் நிறைய இருக்கையில் கூறியது, 'எடுக்கும்போது' என்பது 'கெடுக்கும்போது' என்றும் கேட்டது, இரு பாடமும் பொருந்தும்). சைவ சித்தாந்தம் கற்றோர் இங்கே சதை, ஓடு, சாறு மூன்றும் அநாதி என்பர். சதையும் ஓடும் ஒன்றே என்பார் அத்வைதி; அவர் ஓட்டையும் கடிக்கிறார், பல் போகிறது. இரண்டும் வேறு என்பார் துவைதி. அவருக்குக் குச்சி வேண்டும். வேறாயினும் பிரியா என்பவர் பாதி சதையை உள்ளேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார். கடையில் இம்மூன்றாம் தரிசனமே பெருவழக்கு (பாத்திரம் கழுவும் அக்கா, தொட்டியருகே, தண்ணீர்ச் சத்தத்தினூடே, "எல்லாரும் பாதிய விட்டுட்டுத்தான் போவாங்க, தம்பி, நீங்களும்தான்" என்ற தொடரில் இறுதிச் சொல் இடைச்செருகலாகக் கருதப்பட்டு நீக்கப்படுகிறது).

இனி, ஒலி. நண்டுக்காலை உறிஞ்சும்போது ஓர் ஒலி பிறக்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துகள் தோன்றும் எட்டு இடங்களைத் தந்தார்: தலை, கழுத்து, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். உரையாசிரியர்கள் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தார்கள். ஆனால் அவ்வொலிகள் யாவும் காற்று வெளியே போகையில் பிறப்பவை. நண்டுக்கால் ஒலி காற்று உள்ளே வருகையில் பிறக்கிறது. இதை உயிரில் சேர்ப்பதா மெய்யில் சேர்ப்பதா? மாத்திரை எவ்வளவு? சதை எளிதில் வந்தால் குறில், வராவிட்டால் நெடில், உள்ளே ஒன்றும் இல்லையென்று தெரிந்த பிறகும் தொடர்ந்தால் அளபெடை. ஒற்றை ஒலியாக நில்லாமல் எதிர்மேசை ஒலியோடு கூடினால் புணர்ச்சி. அங்கே தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் நிகழ்கின்றன, கெடுவது பெரும்பாலும் நம் பக்கத்தில் இருப்பவரின் மனநிலை. 1978இல் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஐகாரத்தின் துதிக்கையை எடுத்தது. ஒரு துதிக்கையை எடுத்த கையோடு ஒரு கொடுக்கைச் சேர்த்திருந்தால் இவ்வொலிக்கு இன்று எழுத்து இருந்திருக்கும்.

எழுத்தில்லா அவ்வொலியின் சமூகப் பயன்பாடு தனி நூலுக்குரியது. சம்பந்தி வீட்டார் எதிரே இருந்தால் ஒலி அடங்குகிறது, நண்டு மிஞ்சுகிறது. அவர்கள் போனபின் மிஞ்சிய நண்டு மொத்தமாக ஒலிக்கிறது. பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை கணவாயை மட்டும் பொறுக்கித் தின்றால் ஆள் அடக்கமானவன் என்கிறார்கள். அதே ஆள் கல்யாணத்துக்குப் பின் மீள்கிண்ணவாதி என்று தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது (பெயர் வெளியிட விரும்பாத மைத்துனி, சமையலறைக் கதவருகே, குரல் தாழ்த்தி, ஒப்பிடுக: அதே தகவலாளர், அதே கதவு, குரல் உயர்த்தி, மேலும் ஒப்பிடுக: அவர் கணவர், தொம்யாம் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நான் எப்பவுமே இப்படித்தான்", நெகிழிப்பையின் வெளிப்புறம், மேலிருந்து இரண்டாம் முடிச்சு).

வெரக்ரூஸ் மேசையிலும் அந்த ஓடு எங்கோ வைக்கப்படத்தானே வேண்டும்? அங்கே மீள்கிண்ணவாதிகள் இருந்தால், மாயர் தமிழரே என்பதற்கு ஓசை ஒற்றுமையைவிட நல்ல சான்று கிடைத்துவிடும். இதற்காகவே நிதி கோரப்படுகிறது.

நிதி விண்ணப்பம்

தேவை: வெரக்ரூஸுக்குப் போய்வர விமானக் கட்டணம், இருவருக்கு. இருவர் ஏனெனில், ஒருவர் உறிஞ்ச ஒருவர் குறிப்பெடுக்க வேண்டும். அது இயலாதெனில் நிபோங் திபால் வரை பேருந்துக் கட்டணம். அங்கே கடல் பக்கம், நண்டு பெரிது. அதுவும் இயலாதெனில் ஒரு கடலுணவுத் தொம்யாம், சிவப்பு, பெரிய கிண்ணம், சோறு இரண்டு. முந்தைய களஆய்வுச் செலவுக்கான ரசீது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தொகை இருந்த இடத்தில் சாறு பட்டுவிட்டதால், அதை நிதிக்குழுவே ஊகித்துக்கொள்ளவும். குறைத்து ஊகிக்க வேண்டாம்.